பசால்ட் இழை: பெயரை நம்பிக் கட்டடம் எழுப்பலாமா?

சற்று நீண்ட பதிவு. வீடு கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர்களும் கட்டுமானத் துறையில் பணிபுரிவோரும் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

எரிமலைப் பாறையை உருக்கி நூலாக இழுத்து, அந்நூலைப் பிசினில் தோய்த்துக் கம்பியாக்கி, எஃகுக் கம்பிக்கு மாற்றாக விற்கிறார்கள். அதற்கான விளம்பரங்கள் மூன்று கருத்துகளையே திரும்பத் திரும்ப முன்வைக்கின்றன: எஃகைவிட வலியது, துருப்பிடிக்காது, இயற்கையானது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூன்றும் பாதி சொல்லி நிறுத்தப்பட்ட வாக்கியங்கள். மீதிப் பாதியைக் கேட்காமல் கட்டினால் வீட்டுக்காரருக்கு இழப்பு. உரிய இடத்தில் நன்கு பயன்படக்கூடிய ஒரு பொருளுக்கும் கெட்ட பெயர்.

நான் பொறியாளர் அல்லேன். மொழியியலில் முதுகலை முடித்து, தொழிற்களங்களில் பொருள்களுக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது, அப்பெயர் வாங்குவோரிடம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை ஆராய்ந்து வருகிறேன். அந்த ஆய்வின் வழியாகவே பசால்ட் இழையிடம் வந்து சேர்ந்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘பசால்ட் இழை’ என்பது இன்றளவும் ஒரு பிறப்பிடத்தின் பெயராகவே இருக்கிறது, ஒரு தரத்தின் பெயராக இன்னும் ஆகவில்லை. அதைத் தரத்தின் பெயராக்கும் வேலையைச் செய்யாமல், பாறை நம்மிடம் ஏராளம் என்று பெருமை பேசுவதில் பயனில்லை.

முதலில் பாறையைப் பற்றி. தமிழ்நாட்டில் கருங்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் வகைகள். அவை பூமியின் ஆழத்தில் மெல்ல உருவான பாறைகள். பசால்ட் வேறு, எரிமலைக் குழம்பு நிலத்தின் மேல் வழிந்தோடி விரைவில் குளிர்ந்து இறுகியது. நான் வசிக்கும் மகாராட்டிரத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பாறையே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவிய குழம்பு, மத்தியப் பிரதேசம், குசராத்து, கர்நாடகத்தின் வடபகுதி, தெலங்கானாவின் சில பகுதிகள் எனச் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு இன்றும் விரிந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில இடங்களில் அதன் கனம் 2 கிலோமீட்டரையும் தாண்டும். ஆங்கிலத்தில் இப்பரப்பைக் குறிக்கும் ‘ட்ராப்’ என்ற சொல், படிக்கட்டு என்னும் பொருளுடைய சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மலைச்சரிவுகள் படிபடியாகத் தெரிவதால் அப்பெயர். அசந்தாவும் எல்லோராவும் இந்தப் பாறையில்தான் குடையப்பட்டன. இன்றோ இதன் பெரும்பங்கு ஜல்லியாக உடைபட்டுச் சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் போகிறது.

‘பசால்ட்’ என்ற சொல்லின் வரலாறும் கவனிக்கத்தக்கது. கிரேக்க மொழியில் ‘பசானோஸ்’ என்றால் உரைகல். அதிலிருந்து பிறந்த ‘பசானிடெஸ்’ என்ற சொல், உரோமானிய அறிஞர் பிளினியின் நூலைப் படியெடுத்தவர்களின் கையில் ‘பசால்டெஸ்’ எனத் திரிந்தது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். பொன்னின் மாற்றைச் சோதிக்கும் கல்லின் பெயர், சோதனையின்றி விற்கப்படும் பொருளுக்கு வாய்த்திருப்பது விந்தைதான்.

பாறையை இழையாக்கும் வேலையை இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. அவாயித் தீவுகளின் எரிமலைகள் குமுறும்போது தெறிக்கும் குழம்புத் துளிகளைக் காற்று இழுத்துச் சென்று மெல்லிய பொன்னிற மயிரிழைகளாக்கும். அங்குள்ள மக்கள் அவற்றை எரிமலைத் தெய்வமான பெலேயின் கூந்தல் என்பர். மனித முயற்சியில், பாரிசைச் சேர்ந்த பால் தே என்பவர் பசால்ட்டிலிருந்து இழை எடுக்கும் முறைக்கு 1922இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத்து ஒன்றியத்தில் இவ்வாய்வு இராணுவ, விண்வெளித் தேவைகளுக்காகத் தொடர்ந்தது. 1995இல் அந்த மறைப்பு நீங்கிய பிறகே குடிமக்கள் பயன்பாட்டுக்கு இது பரவலாக வரத் தொடங்கியது. ஆக, கண்ணாடி இழைக்குக் கிடைத்த பல பத்தாண்டு வெளிப்படையான அனுபவம் பசால்ட் இழைக்குக் கிடைக்கவில்லை. இதை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்முறையைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். பாறையை உடைத்து, கழுவி, உலையில் இட்டு, ஏறத்தாழ 1,400 முதல் 1,500 பாகை செல்சியசில் உருக்க வேண்டும். உருகிய குழம்பு, பிளாட்டினமும் ரோடியமும் கலந்த உலோகத்தால் ஆன தட்டின் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வழியே கீழிறங்கும். இடியாப்ப உழக்கில் மாவைப் பிழிவது போன்றதன்று இது. துளையில் தொங்கும் துளியைக் கீழிருந்து அதிவேகமாகச் சுழலும் உருளை இழுக்கிறது. இழுப்பில்தான் இழை மெலிகிறது. பொதுவாக 9 முதல் 17 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள இழைகள் இவ்வாறு கிடைக்கின்றன.

கடினம் இதற்குள்தான் இருக்கிறது. வெல்லப்பாகு காய்ச்சிய எவருக்கும் கம்பிப் பதம் எவ்வளவு குறுகிய இடைவெளி என்பது தெரியும். பதம் வருமுன் இழுத்தால் கம்பி நிற்காது; பதம் தப்பினால் பாகு பூத்துக் கல்லாகிவிடும். பசால்ட் குழம்பும் அப்படியே. இழை இழுக்க ஏற்ற வெப்பநிலைக்கும் குழம்பில் படிகங்கள் தோன்றத் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஒரு சிறு படிகம் துளையை அடைத்தாலும் இழை அறும். அறாமல் இழைக்குள் சென்றுவிட்டால் அந்த இடமே பின்னாளில் முறியும் இடம். மேலும், பசால்ட்டில் உள்ள இரும்பு ஆக்சைடு வெப்பக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பில் அனல் வீசினாலும் அடிவரை எளிதில் இறங்காது. அதனால் குழம்பை நெடுநேரம் வைத்து ஒரே சீராக்க வேண்டும். அல்லது குழம்புக்குள்ளேயே மின்முனைகளை அமிழ்த்திச் சூடேற்ற வேண்டும். பாறை மலிவு என்பது உண்மை. ஆனால் பாறையின் விலை, இழையின் விலையில் ஒரு சிறு கூறு மட்டுமே. உலையின் ஆற்றலும் பிளாட்டினத் தட்டும் அறாமல் இழுக்கும் திறனுமே விலையை நிர்ணயிக்கின்றன.

இப்போது பெயரின் சிக்கலுக்கு வருகிறேன்.

கட்டுமானத்திலும் படகுத் தொழிலிலும் மிகுதியாகப் பயன்படும் கண்ணாடி இழைக்கு ‘ஈ-கிளாஸ்’ என்று பெயர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு வேதியியல் வரையறை இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கான ஈ-கிளாசில் சிலிக்கா 52 முதல் 62 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு கூறுக்கும் எல்லை வகுத்த அமெரிக்கத் தரநிலை உண்டு. அப்பெயரை ஒருவர் சொன்னால் கேட்பவர் அந்த எல்லைகளை நம்பலாம். ‘பசால்ட்’ என்பதோ நிலவியலாளர் தம் தேவைக்கு வகுத்த பெயர். ஒரு குன்றின் மேலடுக்குக்கும் அடியடுக்குக்கும் வேதிக்கூறு மாறலாம், இரண்டும் பசால்ட்தான். தக்காணத்துப் பசால்ட்டில் இரும்பின் அளவு பல இடங்களில் கூடுதலாகவே உள்ளது. அதன் ஒவ்வோர் அடுக்கும் இழைக்கு ஏற்றதாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

விளைவு என்ன? பசால்ட் இழையின் இழுவலிமைக்கு 2,800 மெகாபாஸ்கல் முதல் 4,800 மெகாபாஸ்கல் வரை மதிப்புகள் அச்சேறியிருக்கின்றன. இவ்வளவு அகன்ற வரம்பில் விற்பவர் மேல் எண்ணைச் சொல்வார். கவனமுள்ள வடிவமைப்பாளர் கீழ் எண்ணைக் கொண்டும் தயங்குவார். பாறை வேறு, உலை வேறு, சோதித்த முறை வேறு, பெயர் மட்டும் ஒன்று.

இழை கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ நெசவைப் பார்த்தவர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதை அறிவார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியில் சிலும்பி அறும். பசால்ட் இழைக்கும் துளையிலிருந்து இறங்கிய உடனே ஒரு ‘கஞ்சி’ பூசப்படுகிறது. ஆங்கிலத்தில் இரு தொழிலுக்கும் ஒரே சொல்தான். ஆனால் இங்கே அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. அதில் உள்ள சிலேன் என்னும் வேதிப்பொருள் ஒருபுறம் இழையையும் மறுபுறம் பிசினையும் பற்றிக்கொள்ள வேண்டும். எபாக்சிப் பிசினுக்கு ஏற்ற பூச்சு பாலியெஸ்டருக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. கூட்டுப்பொருளில் சுமை இழையிலிருந்து இழைக்குப் பிசின் வழியாகவே கடக்கிறது. அந்தப் பிடிப்பு தளர்ந்தால் உலகின் மிகச் சிறந்த இழையும் உள்ளே சும்மா கிடக்கும். ‘பசால்ட் கம்பி’ என்ற பெயர் பிசினைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அடுத்தது ‘வலிமை’. அன்றாடத் தமிழில் வலிமை என்ற ஒரே சொல்லுக்குள் பல பண்புகளை அடைத்துவிடுகிறோம். அறுபடாமல் தாங்குவது ஒன்று. சுமையேற்றினால் நீளாமல் நிற்பது இன்னொன்று. அதை விறைப்பு எனலாம். முறியும்முன் நெடுக நீண்டு எச்சரிப்பது மூன்றாவது. எஃகைவிட வலியது என்னும் விளம்பரம் முதல் பண்பை மட்டுமே பேசுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஃகின் யங் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல். பசால்ட் இழைக் கம்பிக்கு அது ஏறத்தாழ 50 ஜிகாபாஸ்கல். ஒரே தடிமனுள்ள இரு கம்பிகளிலும் 250 மெகாபாஸ்கல் இழுவிசை வரும்படி இழுத்தால், ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 1.25 மில்லிமீட்டர் நீளும். பசால்ட் கம்பி 5 மில்லிமீட்டர் நீளும். கம்பி அறாது, உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் அவ்வளவு நீள முடியாமல் விரியும், தளம் தொய்யும். வலிமை இருமடங்கு என்று நம்பி 12 மில்லிமீட்டர் எஃகுக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பசால்ட் கம்பியை இடுவோர் மறந்துவிடுவது இதைத்தான். உத்தரமும் கூரைத்தளமும் பெரும்பாலும் அறுந்து கெடுவதில்லை. அதற்கு முன்பே தொய்ந்தும் விரிந்தும் பயனற்றுப் போகின்றன.

மூன்றாவது பண்பு உயிர் சார்ந்தது. நல்ல எஃகுக் கம்பி தன் எல்லையைக் கடந்த பிறகும் நெடுக நீண்டு, கட்டடம் இடியும்முன் விரிசலாகவும் வளைவாகவும் அடையாளம் காட்டும். இழைக் கம்பி இறுதிவரை ஒரே சீராக நீண்டு, பின் சட்டென முறியும். இந்தத் தக்காணப் பாறைப் பரப்பின் மேல்தான் 1967இல் கொய்னாவும் 1993 செப்டம்பர் 30 அன்று கிலாரியும் குலுங்கின. கிலாரியில் மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் உறங்கியவர்கள் மேல் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கட்டடம் மனிதருக்கு ஓடி வெளியேற ஒரு கணம் தருகிறதா என்ற கேள்வி இந்நிலத்தில் வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

இதைச் சொல்வதால் இழைக் கம்பியே ஆகாது என்பது பொருளன்று. அதற்கென வேறு வடிவமைப்பு முறை உண்டு. கம்பி முறியும்முன் கான்கிரீட் நசுங்கத் தொடங்கும்படி கணக்கிடுவார்கள். விரிசலுக்கும் தொய்வுக்கும் தனிக் கணக்குப் போடுவார்கள். ஆனால் எஃகுக்குப் போட்ட வரைபடத்தில் கம்பியை மட்டும் மாற்றுவது வடிவமைப்பு ஆகாது. பிசின் இறுகிய கம்பியைக் களத்தில் கம்பி கட்டுபவர் வளைத்து வளையமாக்கவும் இயலாது. வளைந்த வடிவங்கள் ஆலையிலேயே வார்க்கப்பட வேண்டும். தீப்பிடித்தால் இழை பல நூறு பாகை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் வழக்கமான பிசின்கள் 100, 120 பாகையைச் சுற்றியே மென்மையாகத் தொடங்கும். கம்பியின் தீத்தாங்கும் திறன் பிசினின் திறனே.

விதிநூல்களின் நிலையும் இதையே காட்டுகிறது. அமெரிக்கக் கான்கிரீட் கழகம் 2022இல் இழைக் கம்பிகளுக்கென வெளியிட்ட கட்டடக் குறியீடு கண்ணாடி இழைக் கம்பிக்கு மட்டுமே உரியது. பசால்ட் கம்பியையும் பெயர்சொல்லிச் சேர்த்துக்கொண்ட அமெரிக்கப் பொருள் தரநிலை 2023இல்தான் வந்தது. உலகமே இப்போதுதான் இதற்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பசால்ட் இழை எங்கே பொருந்தும்? உப்புக்காற்று எஃகை அரிக்கும் கடற்சுவர்கள், படகுத்துறை மேடைகள், கழிவுநீர்த் தொட்டிகள், காந்தப்புலம் குறுக்கிடக்கூடாத மருத்துவப் படமெடுப்பு அறைகள் ஆகியவற்றில் அதற்கு நியாயமான இடம் உண்டு. எஃகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பதால் சுமந்து செல்வதும் எளிது. வெட்டிய துண்டு இழைகளைக் கலவையில் சேர்த்தால் கான்கிரீட் உலரும்போது தோன்றும் மயிர்விரிசல்கள் குறையும். கண்ணாடி இழையைவிடச் சற்றுக் கூடுதல் விறைப்பு இருப்பதால் குழாய், தகடு, வண்டிப் பாகங்கள் போன்றவற்றிலும் பயன்படுத்தலாம். ஆயினும் துரு இல்லை என்பதாலேயே சிதைவு இல்லை என்று ஆகிவிடாது. கான்கிரீட்டின் உள்ளீரம் கடும் காரத்தன்மை உடையது. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட எந்த இழையையும் காரம் காலப்போக்கில் அரிக்கக்கூடும். பிசின் உறை எவ்வளவு காலம் காக்கும் என்பதை அந்தந்தக் கம்பியை நீண்டகாலம் சோதித்தே அறிய முடியும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் துருவாய்வுக் களம் ஒன்றை வைத்திருக்கிறது. நம் கடற்கரைக்கு விற்கப்படும் ஒவ்வொரு வகைக் கம்பியும் அத்தகைய களத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து தேற வேண்டும் என்று கேட்பதில் மிகை ஒன்றும் இல்லை.

‘இயற்கை’ என்ற சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஈ-கிளாஸ் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல் போன்றவை தேவை. அவை உருகும்போது கரியமில வாயு வெளியாகும். பல வகைகளுக்குப் போரான் சேர்மங்களும் வேண்டும். பசால்ட்டுக்குப் பாறை ஒன்றே போதும். இது உண்மையான நன்மை. இதைச் சொல்லி விற்கலாம். ஆனால் உலையை எரிப்பது எரிவாயுவோ மின்சாரமோதான். பிசினின் மூலம் பெரும்பாலும் பெட்ரோலியம். இறுகிய எபாக்சியை மீண்டும் உருக்க முடியாது. எஃகுக் கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம், இதைப் போட இயலாது. பாறை இயற்கையானது என்பதால் பொருளும் இயற்கையானது என்றால், மணலிலிருந்து வரும் கண்ணாடியையும் அப்படியே அழைக்க வேண்டியிருக்கும்.

தொழிலாளர் நலனிலும் இதே நிதானம் தேவை. தொடர் இழையின் விட்டம் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் 3 மைக்ரோமீட்டர் எல்லையைவிடப் பெரியது. கல்நார் போல நெடுக்குவாட்டில் பிளந்து நுண்ணிழையாவதும் இல்லை. எனவே இதைக் கல்நாரோடு சேர்த்துப் பயமுறுத்துவது தவறு. ஆனால் கம்பியை அறுக்கும்போது எழும் தூசி தோலையும் கண்ணையும் மூச்சுப்பாதையையும் உறுத்தும். முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அறுக்கச் சொல்வதற்கு ‘இயற்கை’ என்ற சொல் அனுமதிச் சீட்டு ஆகாது.

இவ்வளவு நிபந்தனை விதித்தால் இளந்தொழில் முளையிலேயே கருகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் கண்ணாடி இழை வளர்ந்த வரலாறு நேர்மாறானது. வேதிக்கூறுக்கு எல்லை வகுத்து, சோதனை முறையை ஒன்றாக்கி, பெயரைக் கேட்டாலே பண்பு விளங்கும்படி செய்த பிறகே பொறியாளர்கள் அதை அச்சமின்றி வரைபடத்தில் எழுதினர். தரநிலை இல்லாத களத்தில் நேர்மையாக உருக்கி இழுப்பவருக்கும் மலிவான இழையில் கறுப்புச் சாயம் கலப்பவருக்கும் வேறுபாடு தெரியாது. முதலில் நட்டப்படுவது நேர்மையானவர்தான்.

செய்ய வேண்டியவை மூன்று என்பேன். ஒன்று, தக்காணத்தின் எந்த அடுக்கு இழைக்கு ஏற்றது என்பதை வெறும் வேதிப் பகுப்பாய்வால் மட்டுமன்றி உலையில் இழுத்துப் பார்த்தும் பதிவு செய்து, அதைப் பொதுவில் வைக்க வேண்டும். இரண்டு, ‘பசால்ட்’ என்ற பெயருக்குப் பின் வகை எண் ஒன்று வர வேண்டும்; அது வேதிக்கூறு, இழைவிட்டம், பூச்சு, பிசின் ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். மூன்று, விளம்பரங்களில் வலிமையைக் குறிப்பிடுவோர் விறைப்பையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதையும் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் விளங்கும் மொழியில் அச்சிட வேண்டும். பஞ்சு, நார், இழை, நூல், கயிறு என நுணுக்கமாகப் பிரித்தறியும் நம் மொழிக்கு அது இயலாத செயலன்று. சூடு தடுக்கும் பாறைப் பஞ்சும், கலவையில் இடும் துண்டு நாரும், கம்பிக்குள் ஓடும் தொடர் இழையும் வெவ்வேறு பொருள்கள். வெவ்வேறு பெயரால் வழங்கப்பட வேண்டியவை.

அதுவரை, உங்களிடம் பசால்ட் கம்பி விற்க வருபவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தொகுதிக் கம்பிக்கான சோதனைச் சான்று எங்கே? இதன் யங் குணகம் எவ்வளவு? எந்தப் பிசின், எந்த வெப்பத்தில் அது மென்மையாகும்? இந்தக் கட்டடத்தை இழைக் கம்பிக்கென்றே வடிவமைத்துக் கையெழுத்திட்ட பொறியாளர் யார்? நான்குக்கும் தாளில் விடை கிடைத்தால் தயங்காமல் பேச்சைத் தொடருங்கள். பாறையின் பழம்பெருமை மட்டுமே விடையாக வந்தால், உங்கள் கூரைத்தளத்துக்கு எஃகே போதும்.

கட்டுமானத் துறையினர் இதில் சேர்க்க வேண்டியதையோ மறுக்க வேண்டியதையோ கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தரவோடு வரும் மறுப்பை மிகவும் வரவேற்கிறேன்.